கேட்காத அட்டைக்கு ஒரு விசாரிப்பு

கடன் தகவல் அறிக்கை என்பது, ஒருவர் எந்தெந்த வங்கியிடமும் நிதி நிறுவனத்திடமும் எவ்வளவு கடன் பெற்றார், அதை மாதந்தோறும் எப்படித் திருப்பிச் செலுத்தினார் என்பதைக் கணக்குவாரியாகத் தொகுத்துக் காட்டும் ஆவணமாகும். பேச்சு வழக்கில் 'சிபில்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் இந்த அறிக்கையில், பெரும்பாலோர் பார்வை எட்டாத ஓரிடத்தில், வேறொரு பட்டியலும் இருக்கிறது. அது வாங்கிய கடன்களின் பட்டியல் அன்று. அம்மனிதரின் அறிக்கையை எந்த நிறுவனம் எந்தத் தேதியில் எடுத்துப் பார்த்தது, எந்த வகைக் கடனுக்காக, எவ்வளவு தொகைக்காகப் பார்த்தது என்ற பதிவு. வங்கி ஊழியர்கள் இதனை 'என்கொயரி' என்பர்; இக்கட்டுரையில் இது விசாரிப்பு எனப்படும். தாம் ஒருபோதும் விண்ணப்பிக்காத கடன் அட்டை நிறுவனத்தின் பெயரை இந்தப் பட்டியலில் காண்பவர் என்ன செய்யலாம், சட்டம் அவருக்கு எதைத் தந்திருக்கிறது, எதைத் தரவில்லை என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரையும் முன்வைத்து இதை ஆராய்வதற்குக் காரணம் உண்டு. பல்லாவரம், குரோம்பேட்டையில் தொடங்கிப் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கும், கிழக்கே சேலையூர், மேடவாக்கம் வழியாகவும் எழுந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், வீட்டுக் கடன் இல்லாமல் ஒரு வீட்டை வாங்கக்கூடிய மாதச் சம்பளக்காரர் அரிது. 1984-இல் தொடங்கப்பட்ட மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், தாம்பரம் மின்ரயில் பணிமனை, விமானப்படைத் தளம், பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்கள் ஆகியவற்றில் வேலை பார்ப்போர் அனைவருக்கும் வங்கியில் சம்பளக் கணக்கு இருக்கிறது. சம்பளக் கணக்கு இருப்பவரைத்தான் கடன் அட்டை விற்பவரும் தேடுகிறார். வணிக வளாகத்து வாசலில் சிறு மேசை போட்டு நிற்கும் இளைஞர், பகல் நேரத்தில் 'சார், லைஃப்டைம் ஃப்ரீ கார்டு' என்று அழைக்கும் குரல், வட்டியில்லாத் தவணையில் குளிர்சாதனப் பெட்டி தரும் கடையின் கைக்கணினி எனப் பல வழிகளில் ஒருவரின் பான் எண்ணும் பிறந்த தேதியும் கைபேசி எண்ணும் கைமாறுகின்றன. இம்மூன்றும் கிடைத்துவிட்டால், அறிக்கையைக் கேட்டுப் பெறுவதற்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது என்றே பொருள்.

விசாரிப்பும் மதிப்பெண்ணும்

இந்தியாவில் ரிசர்வ் வங்கியிடம் பதிவுச் சான்று பெற்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க். இவற்றுள் மூத்தது சிபில். ரிசர்வ் வங்கி அமைத்த சித்திக்கி பணிக்குழுவின் பரிந்துரையை அடுத்து 2000-இல் அது நிறுவப்பட்டது. இவற்றுக்கான தனிச் சட்டம், அதாவது கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005-இல் இயற்றப்பட்டு 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை இவ்விஷயத்தில் நமக்கு முந்தியது. அங்குக் கடன் தகவல் பணியகம் 1990-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டுவிட்டது. ஈக்விஃபாக்ஸின் வேரோ 1899-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கடைக்காரர்களுக்கு வாடிக்கையாளர் நாணயத்தைப் பற்றிச் சொல்வதற்கென்று தொடங்கப்பட்ட ஒரு சிறு நிறுவனத்தில் இருக்கிறது.

விசாரிப்பில் இரண்டு வகை உண்டு. ஒருவர் தம் அறிக்கையைத் தாமே எடுத்துப் பார்ப்பதும், ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் வங்கி தன் வாடிக்கையாளரின் நிலையை அவ்வப்போது சரிபார்ப்பதும் மதிப்பெண்ணைத் தொடுவதில்லை; இதனை மென்மையான விசாரிப்பு என்பர். புதிதாகக் கடனோ அட்டையோ தருவதற்கு முன் ஒரு நிறுவனம் அறிக்கையைக் கேட்டால் அது கடின விசாரிப்பு. இதுவே பட்டியலில் ஏறி, மற்ற வங்கிகளின் கண்ணிலும் படுகிறது. 'சிபில் பார்த்தால் மதிப்பெண் குறைந்துவிடும்' என்று அஞ்சித் தம் அறிக்கையையே பார்க்காமல் இருப்பவர் பலர். அவர்கள் இந்த வேறுபாட்டை அறியாததால் இழப்பது மிகுதி.

முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் வரை செல்லும் மதிப்பெண்ணில் ஒரு விசாரிப்பு எத்தனை புள்ளியைக் குறைக்கும் என்பதற்கு இந்தியாவில் வெளிப்படையான வாய்பாடு இல்லை. அமெரிக்காவில் பெரிதும் வழங்கும் ஃபைகோ மதிப்பெண்ணைக் கணிக்கும் நிறுவனம், பெரும்பாலோருக்கு ஒரு விசாரிப்பால் குறைவது ஐந்து புள்ளிக்கும் கீழே என்று சொல்கிறது. தவணை தவறாமல் கட்டுவதோடு ஒப்பிட்டால் விசாரிப்பின் எடை சிறிதுதான். ஆனால் சில வாரங்களுக்குள் நான்கைந்து விசாரிப்புகள் வரிசையாக நின்றால், வீட்டுக் கடன் மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரி மதிப்பெண்ணைத் தாண்டி அந்த வரிசையையே பார்த்து, 'இவர் ஏன் இத்தனை இடத்தில் கடன் தேடினார்' என்று கேட்கக்கூடும். ஒரு பழக்கமில்லாத அட்டை நிறுவனத்தின் பெயர் அங்கே நின்றால், அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய சுமை விண்ணப்பித்தவரின் தலையில் விழுகிறது. அவர் செய்யாத ஒன்றுக்கு அவரே விளக்கம் தர வேண்டியிருப்பது இதன் முதல் அநீதி.

இவ்வறிக்கையின் செல்வாக்கு கடன் வாங்குவதோடு நின்றுவிடவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பாதகமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா ஓர் அதிகாரியின் நியமனத்தை ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் சரி என்று ஏற்றது. வேலைவாய்ப்பு அறிவிப்பிலேயே அந்த நிபந்தனை இடம்பெற்றிருந்தது. வேலையையும் தீர்மானிக்க வல்ல ஓர் ஆவணத்தில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் சரியானதாக இருக்க வேண்டும் என்று குடிமக்கள் கேட்பது மிகையாகாது.

பழக்கமில்லாத பெயர் வருவது எப்படி

பட்டியலில் அறிமுகமற்ற பெயர் இருப்பதாலேயே முறைகேடு நடந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கடையின் பெயரோ இணைய வணிகத் தளத்தின் பெயரோ பொறித்த அட்டைக்கு விண்ணப்பித்தவர், அறிக்கையில் அந்தப் பெயரைக் காணமாட்டார். அட்டையை உண்மையில் வழங்கும் வங்கியின் பெயரையே காண்பார். தவணை முறையில் தொலைக்காட்சி வாங்கியவருக்கு, கடைக்குப் பின்னால் நின்ற நிதி நிறுவனத்தின் பெயர் நினைவில் இருக்காது. ஆகவே முதலில் விசாரிப்பின் தேதியை எடுத்துக்கொண்டு, அந்த வாரத்தில் என்ன வாங்கினோம், எங்கே கையெழுத்திட்டோம், எந்தச் செயலியில் ஓ.டி.பி. எண்ணைத் தட்டினோம் என்று நினைவுகூர்வது நல்லது. குறுஞ்செய்திகளையும் மின்னஞ்சல்களையும் அந்தத் தேதியை ஒட்டித் தேடினால் பாதிப் புதிர்கள் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

ஒரே ஓர் அட்டைக்கு ஒப்புக்கொண்டவரின் பெயரில் மூன்று நான்கு நிறுவனங்கள் விசாரித்திருப்பதும் உண்டு. பல வங்கிகளின் அட்டைகளை ஒருங்கே காட்டும் இணையச் செயலியில் 'உங்களுக்குத் தகுதியான அட்டையைப் பாருங்கள்' என்ற பொத்தானை அழுத்தும்போது, கீழே சிற்றெழுத்தில் இருக்கும் ஒப்புதல் வாசகம் எத்தனை பேரை அனுமதிக்கிறது என்பதைப் படிப்பவர் குறைவு. நேரடி விற்பனை முகவர்களின் வழக்கமும் இதற்கு ஒரு காரணம். இலக்கை எட்ட வேண்டிய நெருக்கடியில் உள்ள முகவர், ஒரு வங்கிக்காகப் பெற்ற ஆவண நகல்களை இன்னொரு வங்கிக்கும் அனுப்பிவிடுகிறார். சில வேளைகளில் 'வேண்டாம்' என்று சொன்னவரின் விவரங்களையும் பதிந்துவிடுகிறார். முகவரின் பிழை நிறுவனத்தின் பிழையே. தன் பெயரில் வேலை செய்பவர் செய்ததற்குத் தான் பொறுப்பல்ல என்று அட்டை நிறுவனம் ஒதுங்க முடியாது.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடன் தகவல் நிறுவனங்களின் கணினிகள் பெயர், பிறந்த தேதி, பான் எண், கைபேசி எண், முகவரி ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்தே ஒரு பதிவு யாருடையது என்று முடிவு செய்கின்றன. முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற அமைப்பை எதிர்பார்க்கும் அந்தப் படிவங்களில், தந்தையின் பெயரை ஒற்றை எழுத்தாக முன்னால் சேர்க்கும் தமிழ் வழக்கம் பொருந்துவதில்லை. எஸ். குமார் என்று பள்ளிச் சான்றிதழில் இருப்பவர், பான் அட்டையில் குமார் சுப்பிரமணியன் என்றும், ஆதாரில் குமார் எஸ் என்றும், வங்கிக் கணக்கில் சுப்பிரமணியன் குமார் என்றும் மாறிவிடுகிறார். ஒரே மனிதர் மூன்று பேராகப் பிரிவதும், மூன்று குமார்கள் ஒருவராகச் சேர்வதும் இதனால் நிகழக்கூடியவை. முகவரியும் கைகொடுப்பதில்லை. பழைய எண், புதிய எண் என்ற இரட்டை எண்கள், நகருக்கு நகர் திரும்பத் திரும்ப வரும் காந்தி தெரு, பாரதி தெரு என்ற பெயர்கள், 600045 என்ற மேற்குத் தாம்பரத்துக்கும் 600059 என்ற கிழக்குத் தாம்பரத்துக்கும் இடையே மாறிப்போகும் அஞ்சல் குறியீடு, வாடகை வீடு மாறும்போது பின்தங்கிப்போகும் பழைய முகவரி ஆகியவை பொருத்தத்தை மேலும் கலைக்கின்றன. வேறொருவருடைய விண்ணப்பத்தின் விசாரிப்பு இப்படித் தவறிவந்து ஒருவரின் அறிக்கையில் அமர்ந்துவிட்டால், அது ஒப்புதல் மீறல் அன்று, பதிவின் பிழை. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

எல்லாவற்றிலும் கடுமையானது ஆள்மாறாட்டம். 2022 பிப்ரவரியில், தானி என்ற கடன் செயலியின் வழியாகத் தாங்கள் அறியாமலே தங்கள் பான் எண்ணில் சிறு கடன்கள் வாங்கப்பட்டிருப்பதாக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வெளிப்படையாக முறையிட்டனர். தம் கடன் அறிக்கையைப் பார்த்த பிறகே பலருக்கு அது தெரியவந்தது. கடன் வாங்கப்படுவதற்கு முன்னரே பட்டியலில் ஏறக்கூடியது விசாரிப்பு. ஆதலால் கேட்காத விசாரிப்பு, தம் பெயரில் யாரோ கதவைத் தட்டுகிறார் என்பதற்கான முதல் ஓசையாக இருக்கலாம். அதை மதிப்பெண்ணின் இரண்டு மூன்று புள்ளிகளாக மட்டும் கருதி விட்டுவிடுவது தவறு.

இரு வேறு கேள்விகள்

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவ்விஷயத்துக்கு நேரே தொடர்புடைய பிரிவுகள் இரண்டு. பிரிவு 21, அறிக்கையில் உள்ள தகவலைத் திருத்தவோ சேர்க்கவோ புதுப்பிக்கவோ கோரும் உரிமையைக் கடன் பெறுபவருக்குத் தருகிறது. கோரிக்கை வந்த முப்பது நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் கெடு வைக்கிறது. ஆனால் தகவலைத் தந்த வங்கியோ நிறுவனமோ 'ஆம், திருத்தம் சரி' என்று சான்றளித்த பின்னரே கடன் தகவல் நிறுவனம் திருத்த முடியும் என்ற நிபந்தனையும் அதே பிரிவில் இருக்கிறது. பிரிவு 22 வேறொன்றைப் பேசுகிறது. சட்டம் அனுமதித்தபடி அன்றி எவரும் பிறருடைய கடன் தகவலைப் பெறக் கூடாது. மீறிப் பெற்றால் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரையும், மீறல் தொடர்ந்தால் ஒவ்வொரு நாளுக்கும் மேலும் பத்தாயிரம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். அவ்வாறு பெற்ற தகவலை எந்தக் காரியத்துக்கும் கணக்கில் எடுக்கக் கூடாது. இந்த அபராதம் அரசுக்குச் செல்வது, பாதிக்கப்பட்டவர் கைக்கு வருவதன்று. எனினும் சட்டம் இதனை எவ்வளவு கனமாகக் கருதுகிறது என்பதற்கு அது சான்று.

விசாரிப்பை ஆட்சேபிக்கும் பெரும்பாலோர் தோற்பது, இந்த இரண்டு பிரிவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காணாததால்தான். 'இந்த விசாரிப்பு தவறு, நீக்குங்கள்' என்று கடன் தகவல் நிறுவனத்துக்கு எழுதினால், அது அட்டை நிறுவனத்திடம் 'நீங்கள் விசாரித்தீர்களா' என்று கேட்கும். அவர்கள் விசாரித்தது உண்மை. எனவே 'பதிவு சரியானது' என்ற பதில் வந்து, முறையீடு முடிக்கப்படும். நடந்த நிகழ்ச்சி என்ற அளவில் அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர் கேட்க வேண்டியது 'விசாரித்தீர்களா' என்பதன்று. 'யார் தந்த ஒப்புதலின் பேரில் விசாரித்தீர்கள்' என்பது. அமெரிக்காவிலும் 1970-ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம், அனுமதிக்கத்தக்க நோக்கம் இருந்தால் மட்டுமே ஒருவரின் அறிக்கையைப் பெறலாம் என்று வரையறுக்கிறது. அங்கும் விசாரிப்பு வழக்குகள் அந்த நோக்கம் இருந்ததா என்ற கேள்வியைச் சுற்றியே நகர்கின்றன.

ஆகவே முதல் கடிதம் அட்டை நிறுவனத்துக்கே செல்ல வேண்டும். அதன் இணையதளத்தில் குறைதீர்க்கும் அதிகாரியின் முகவரியும் நோடல் அதிகாரியின் முகவரியும் இருக்கும். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுவது மட்டும் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். விசாரிப்பின் தேதி, நோக்கம், தொகை, அது எந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் காணப்பட்டது ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தாம் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கவில்லை என்று ஒரே வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டு, பின்வருவனவற்றைக் கேட்கலாம்: கையெழுத்திட்ட அல்லது மின்னணு விண்ணப்பத்தின் நகல், ஒப்புதல் பெற்ற தேதியும் நேரமும், ஓ.டி.பி. அனுப்பப்பட்ட கைபேசி எண், விண்ணப்பத்தைக் கொண்டுவந்த முகவரின் குறியீடு, தொலைபேசி வழியாக ஒப்புதல் பெற்றதாகச் சொன்னால் அந்த உரையாடலின் ஒலிப்பதிவு. ஒப்புதல் உண்மையிலேயே இருந்தால் இவற்றுள் ஒன்றையாவது காட்டுவது நிறுவனத்துக்குக் கடினமன்று. காட்ட இயலாவிட்டால், பதிவைத் திரும்பப் பெறும்படி நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெறுகிறது.

இந்தக் கடிதத்துக்கு முதுகெலும்பாக நிற்பது, ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்டு அவ்வாண்டு ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய அட்டை வழங்கல் நெறிமுறை. கேட்காத அட்டையை வழங்கக் கூடாது என்று அது திட்டவட்டமாகத் தடுக்கிறது. வழங்கிக் கட்டணமும் வசூலித்திருந்தால், அதைத் திருப்பித் தருவதோடு அதன் இரு மடங்கைத் தண்டத் தொகையாகவும் தர வேண்டும். ஒப்புதல் வெளிப்படையாக இருக்க வேண்டும், மௌனத்திலிருந்தோ வேறொரு கையெழுத்திலிருந்தோ ஊகித்துக்கொள்ளக் கூடாது. அனுப்பிய அட்டையை வாடிக்கையாளர் முப்பது நாட்களுக்கு மேல் செயல்படுத்தாமல் இருந்தால், ஓ.டி.பி. வழியாக அவர் சம்மதத்தைக் கேட்டு, சம்மதம் வராவிட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் கட்டணமின்றிக் கணக்கை மூட வேண்டும். அட்டை செயல்படுத்தப்படுவதற்கு முன் அந்தப் புதிய கணக்கைப் பற்றிய தகவலைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பவே கூடாது. விண்ணப்பத்தை நிராகரித்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இவ்வளவு நல்ல விதிகளுக்கிடையிலும் ஓர் இடைவெளி இருப்பதைச் சுட்டிக்காட்டியாக வேண்டும்: செயல்படுத்தாத அட்டையின் கணக்கு அறிக்கையில் ஏறாது, ஆனால் அதற்காகச் செய்யப்பட்ட விசாரிப்பின் தடம் நின்றுவிடும். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்துக்கும் இதே நிலைதான். அட்டை கைக்கு வரவில்லை என்பதால் அறிக்கை தூய்மையாக இருக்கும் என்று எண்ணக் கூடாது.

அட்டை நிறுவனத்துக்கு எழுதும் அதே நாளில், விசாரிப்பு காணப்பட்ட கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலும் ஆட்சேபத்தைப் பதிந்துவிடுவது சரியான வழி. அறிக்கையின் தலைப்பில் இருக்கும் கட்டுப்பாட்டு எண் இதற்குத் தேவை. பிறருடைய விசாரிப்பு பெயர்க் குழப்பத்தால் வந்து சேர்ந்திருந்தால் இந்த வழியே முதன்மையானது. அப்போது பான் அட்டையின் நகலையும், பெயரின் வெவ்வேறு வடிவங்கள் ஒருவரையே குறிக்கின்றன அல்லது குறிக்கவில்லை என்பதற்கான சான்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆள்மாறாட்டம் என்ற ஐயம் இருந்தால், 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணிலோ, 2022-இல் தனியாக அமைந்த தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்திலோ புகார் தந்து, அதன் ரசீதையும் இணைப்பது அறிவுடைமை.

நாளுக்கு நூறு ரூபாய்

இந்தத் துறையில் அண்மையில் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றம் 2023 அக்டோபர் 26 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் இரண்டு சுற்றறிக்கைகள். அவை ஆறு மாதம் கழித்து, 2024 ஏப்ரல் 26 முதல் செயல்பாட்டுக்கு வந்தன. அச்சுற்றறிக்கைகள் வெளிவருவதற்கு நான்கு மாதம் முன்னர், 2023 ஜூனில், நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரு கோடி ரூபாய்க்குச் சற்று மேல் ரிசர்வ் வங்கி அபராதம் விதித்திருந்தது. அபராதம் கருவூலத்துக்குப் போகும். காத்துக் கிடந்தவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு அக்டோபர் சுற்றறிக்கை விடை தந்தது. திருத்தம் கோரிய முறையீடு முப்பது நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் முறையிட்டவருக்கு ஈடாகத் தரப்பட வேண்டும். பொறுப்பும் பிரிக்கப்பட்டுள்ளது: முறையீடு தெரிந்த இருபத்தொரு நாட்களுக்குள் திருத்தத்தை அனுப்பாவிட்டால் வங்கியோ அட்டை நிறுவனமோ ஈடு தர வேண்டும், அவர்கள் உரிய காலத்தில் அனுப்பியும் முப்பது நாட்களுக்குள் முடிக்காவிட்டால் கடன் தகவல் நிறுவனம் தர வேண்டும். முறையீடு நாற்பத்தைந்தாம் நாள் தீர்ந்தால், பதினைந்து நாட்களுக்கு 1,500 ரூபாய். தீர்ந்த ஐந்து வேலை நாட்களுக்குள் பணம் கணக்கில் சேர வேண்டும். அதனால் முறையீட்டுப் படிவத்தில் வங்கிக் கணக்கு எண்ணையோ யு.பி.ஐ. அடையாளத்தையோ தவறாமல் நிரப்ப வேண்டும். முறையீட்டை மறுத்தாலும் காரணம் சொல்லியே மறுக்க வேண்டும் என்பது இதன் இன்னொரு பயன்.

தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் அதுவரை கெடு மட்டுமே இருந்த இடத்தில் கெடுவைத் தாண்டுவதற்கு ஒரு விலை வந்திருப்பது, முறையிடுபவரின் கையை வலுப்படுத்துகிறது. அதே நாளின் மற்றொரு சுற்றறிக்கை, ஒருவரின் அறிக்கையை எந்த நிறுவனம் பெற்றாலும் அவருக்குக் குறுஞ்செய்தியாலோ மின்னஞ்சலாலோ கடன் தகவல் நிறுவனம் உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது. கேட்காத விசாரிப்பை அன்றே கண்டுபிடிக்கும் வாய்ப்பை இது தருகிறது. ஆனால் பதிவில் இருப்பது பத்தாண்டுக்கு முந்தைய கைபேசி எண்ணாக இருந்தால், அந்த எச்சரிக்கை இப்போது அந்த எண்ணை வைத்திருக்கும் யாருக்கோ போய்ச் சேரும். வேலை மாறும்போது அலுவலகம் தந்த எண்ணையும் மின்னஞ்சலையும் விட்டுவிட்டு வருவோர் மிகுந்த இப்புறநகரில், வங்கிகளில் தொடர்பு விவரங்களைப் புதுப்பித்து வைப்பது இதற்காகவே அவசியமாகிறது.

முப்பது நாட்கள் கடந்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லை என்றால், 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தை நாடலாம். வங்கிகளைப் போலவே கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் இத்திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டன. இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கிக்கு ரயிலேற வேண்டியதும் இல்லை. ரிசர்வ் வங்கியின் முறையீட்டு இணையதளத்தில் பதியலாம், 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம், சண்டீகரில் உள்ள மையத்துக்கு அஞ்சலிலும் அனுப்பலாம். ஆனால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டதற்கான சான்று இல்லாவிட்டால் மனு எடுத்த எடுப்பிலேயே தள்ளப்படும். முதல் கடிதத்தின் நகலையும் அதன் ஒப்புகையையும் பத்திரப்படுத்த வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான். மதிப்பெண் குறைவாகக் கணிக்கப்பட்டது என்று முறையிடுவதைவிட, ஒப்புதலின்றி அறிக்கை பெறப்பட்டது, கேட்ட சான்று தரப்படவில்லை என்று சேவைக் குறைபாட்டைச் சொல்வதே இங்கு நிற்கும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, முறையிடுபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். தாம்பரத்தாருக்கு அது செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். எனினும் அட்டை நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர் சட்டப்படி 'நுகர்வோர்' ஆவாரா என்ற வாதத்தை எதிர்த்தரப்பு எழுப்பக்கூடும். அதே நிறுவனத்தின் வேறொரு அட்டையோ கணக்கோ வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. மற்றவர்கள் குறைதீர்ப்பாளரிடம் முதலில் செல்வதே மேல்.

தாமே விண்ணப்பித்து, பின்னர் வருந்தும் விசாரிப்பை எந்த வழியாலும் நீக்க இயலாது. நீக்கக் கோருவதும் முறையன்று. 'சிபில் சரிசெய்து தருகிறோம்' என்று சுவரொட்டியிலும் சமூக ஊடகத்திலும் விளம்பரம் செய்வோர் மறைப்பது இந்த உண்மையைத்தான். முன்பணம் வாங்கிக்கொண்டு அவர்கள் செய்வது, எவரும் இலவசமாகத் தாமே பதியக்கூடிய ஆட்சேபத்தைப் பதிவதன்றி வேறில்லை. அதற்காகப் பான் எண்ணையும் ஓ.டி.பி.யையும் அந்நியர் கையில் கொடுப்பது, ஆள்மாறாட்டத்துக்கு இன்னொரு வாசலைத் திறந்துவிடுகிறது.

நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் ஆணை 2017 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றில் காணப்படும் விசாரிப்பு மற்றொன்றில் இல்லாமல் இருக்கலாம் என்பதால் நான்கையும் பெறுவது நல்லது. வீட்டுக் கடனுக்கு மனு செய்ய எண்ணியிருக்கும் வாசகர்கள், முன்பணம் கட்டுவதற்கு மூன்று மாதம் முன்னதாகவே அவற்றை எடுத்து விசாரிப்புப் பட்டியலை வரிவரியாகப் பார்த்துவிட வேண்டும். திருத்தத்துக்கு முப்பது நாளும், தேவைப்பட்டால் குறைதீர்ப்பாளருக்கு எழுத மேலும் சில வாரங்களும் அப்போதுதான் கையில் இருக்கும்.